சுணைப்புழுவைப் படிப்பது எப்படி: சென்னைக் கடற்கரையில் உடலமைப்பு முதல் குலமரம் வரை

என் தலைமுறை படித்த விலங்கியல் புத்தகத்தில் வளைதசைப் புழுக்கள் மூன்று வகுப்புகளாக வரும். கடற்புழுவான நீரிஸ் ஒரு வகுப்பு, மண்புழு ஒரு வகுப்பு, அட்டை ஒரு வகுப்பு. முதல் வகுப்புக்குப் பாலிக்கீட்டா என்று பெயர். ஃபார்மலினில் வெளுத்துப்போன ஒரு நீரிஸைக் குடுவைக்குள் பார்த்து, பென்சிலால் படம் வரைந்து, மதிப்பெண் வாங்கிக்கொண்டு வெளியே வந்தோம். கல்லூரி வாசலிலிருந்து இருபது நிமிட பஸ் பயணத்தில் கடல் இருந்தது. அங்கே போய் உயிரோடு ஒன்றைப் பாருங்கள் என்று யாரும் சொல்லவில்லை. இன்று நான் மாணவர்களை அழைத்துப் போகிறேன். இந்த வழிகாட்டி அந்தக் காலைப் பொழுதுகளில் சொல்லிச் சொல்லித் திருத்திக்கொண்டது.

அந்த மூன்று வகுப்புப் பாடம் இன்று செல்லாது. மண்புழுவும் அட்டையும் பாலிக்கீட்டாவுக்குப் பக்கத்து வீட்டார் அல்ல. அந்த வீட்டுக்குள்ளேயே பிறந்த பிள்ளைகள். இது எப்படித் தெரிந்தது என்பதைப் புரிந்துகொள்ள மரபணுவிலிருந்து தொடங்க வேண்டியதில்லை. ஒரு புழுவைத் தட்டில் போட்டு, தலையிலிருந்து வால்வரை நிதானமாகப் பார்ப்பதிலிருந்து தொடங்கலாம். ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு புழுவிடம் கால் இல்லை, சுணை இல்லை, கண் இல்லை என்றால், அது ஆதிகாலத்துப் புழு என்று உடனே முடிவுகட்டாதீர்கள். இருந்ததை அது இழந்திருக்கலாம். வகைப்பாட்டு அறிஞர்கள் தலைமுறை தலைமுறையாக இடறிய இடம் இதுதான். அதற்கான சாட்சிகள் சில நம் சென்னை மணலுக்குள்ளேயே கிடக்கின்றன.

‘சுணை’ என்ற சொல்லை நான் வேண்டுமென்றே பயன்படுத்துகிறேன். பூனைக்காலிக் காயைத் தொட்டால் கையில் ஏறி அரிக்கிறதே, அந்த நுண்முள்தான் சுணை. இந்தப் புழுக்களின் உடலிலிருந்து கற்றை கற்றையாக நீட்டிக்கொண்டிருக்கும் முட்களைப் பாடநூல்கள் சீட்டா என்கின்றன. இதற்கு ‘மயிர்’ என்பது பொருந்தாது. மயிர் நம்மைப் போன்ற பாலூட்டிகளுடையது. அதன் பொருள் கெரட்டின். சுணையோ கைட்டினால் ஆனது. இனி பாலிக்கீட்டாப் புழுக்களைச் சுணைப்புழுக்கள் என்றே எழுதுகிறேன். இதுவரை பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட சிற்றினங்கள் விவரிக்கப்பட்டிருக்கின்றன.

முதல் படி: எங்கே தேடுவது, எப்போது போவது

சென்னையில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் உள்ள வேறுபாடு பெரிதல்ல. நல்ல நாளிலும் ஒரு மீட்டரை ஒட்டியே இருக்கும். குஜராத் கடற்கரையைப் போலக் கடல் பின்வாங்கிப் பரந்த சேற்றுவெளியைத் திறந்துவிடாது. அதனால் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில், வற்றத்துக்கு அரை மணி நேரம் முன்பே போய் நில்லுங்கள். வடகிழக்குப் பருவமழை மாதங்களைத் தவிருங்கள். அலை முரட்டுத்தனமாக இருக்கும், முகத்துவாரங்களில் நன்னீர் பாயும். சனவரிக்குப் பிறகு கடல் அமைதிப்படும்.

நான்கு வகை இடங்களைப் பாருங்கள். அலை வந்து திரும்பும் கரடுமுரடான மணல் முதலாவது. மெரினாவிலோ பெசன்ட் நகரிலோ எங்கும் கிடைக்கும். கோவளத்துப் பாறைகளும், ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை கொட்டியிருக்கும் தடுப்புக் கற்களும் இரண்டாவது. முட்டுக்காடு போன்ற உப்பங்கழிச் சேறு மூன்றாவது. நான்காவது பலருக்குத் தோன்றாது: கரையேற்றி வைத்திருக்கும் படகின் அடிப்பகுதி. காசிமேட்டில் பழுதுபார்க்க ஏற்றிய படகுகளின் அடியில் வெள்ளைச் சுண்ணாம்பு நூல்கள் தாறுமாறாக ஒட்டியிருப்பதைக் காண்பீர்கள். அவை ஹைட்ராய்டிஸ் என்ற சுணைப்புழுவின் குழாய்கள்.

ஒருமுறை முட்டுக்காட்டில் வலையை உதறிக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர், “புழுவைப் பார்க்கவா இவ்வளவு பேரைக் கூட்டிக்கொண்டு வந்தீர்கள், அம்மா?” என்று கேட்டார். “ஆமாம் ஐயா” என்றேன். அவர் கையிலிருந்த கோலால் சேற்றில் ஒரு துளையைக் காட்டி, “இந்தத் துளையில் இருப்பது கடிக்காது, அந்த வெள்ளைச் சேற்றில் இருப்பது கடிக்கும்” என்றார். தோண்டிப் பார்த்தோம். இரண்டாவது துளையில் இருந்தது கிளைசீரா. நான்கு தாடைகள் கொண்டது, நஞ்சும் உண்டு. கரையில் கேட்டறிவதை எந்தக் கையேட்டுக்கும் கீழாக நினைக்காதீர்கள்.

எடுத்துப் போக வேண்டியவை அதிகமில்லை: பத்து மடங்கு உருப்பெருக்கும் கைவில்லை, வெள்ளைப் பீங்கான் பூசிய தட்டு, மெல்லிய தூரிகை, அரை மில்லிமீட்டர் கண்ணுள்ள சல்லடை, கையுறை. முகத்துவாரங்களில் கழிவுநீர் கலக்கிறது. வெறும் காலோடு, வெறும் கையோடு இறங்க வேண்டாம். பழவேற்காடு பறவைகள் சரணாலயப் பகுதியில் எதையும் தோண்டி எடுக்காதீர்கள். மற்ற இடங்களிலும் பார்த்து முடித்ததும், தேவைக்கு மேல் இருப்பதைப் பிடித்த இடத்திலேயே விட்டுவிடுங்கள்.

இரண்டாம் படி: புழுவைத் தளர்த்துவது

நேராக ஆல்கஹாலில் போட்டால் புழு சுருண்டு, தொண்டையை இறுக்கி, துண்டு துண்டாக உடையும். பிறகு எதையும் பார்க்க முடியாது. மருந்துக்கடைத் தரமான மக்னீசியம் குளோரைடு, ஒரு லிட்டர் நன்னீருக்கு 73 கிராம் வீதம் கரைத்து, அதை அதே அளவு கடல்நீரோடு கலந்து, புழுவை அதில் விடுங்கள். பத்துப் பதினைந்து நிமிடங்களில் தூங்கியது போல நீளும். உயிரோடு பார்க்க இதுவே போதும். மீண்டும் சுத்தமான கடல்நீரில் விட்டால் எழுந்துகொள்ளும்.

பாதுகாத்து வைப்பதென்றால் ஒரே இடத்தில் எடுத்த புழுக்களை இரண்டாகப் பிரியுங்கள். உடலமைப்பைப் படிப்பதற்கானவை ஃபார்மலினில் ஒரு நாள் இருந்து, நீரில் அலசி, 70 விழுக்காடு ஆல்கஹாலுக்குப் போகட்டும். மரபணுவுக்கானவை நேராக 95 விழுக்காடு ஆல்கஹாலுக்குப் போகட்டும். ஃபார்மலின் மரபணுவைக் கெடுத்துவிடும். ஃபார்மலின் வேலையைக் காற்றோட்டமுள்ள ஆய்வகத்தில் மட்டுமே செய்ய வேண்டும், வீட்டுச் சமையலறையில் கூடாது.

மூன்றாம் படி: தலை

கைவில்லையில் முதலில் பார்க்க வேண்டியது தலை. கண்டங்களின், அதாவது உடலை ஆக்கும் வளையத் துண்டுகளின், வரிசை தொடங்குவதற்கு முன்னால் ஒரு சிறு மடல் இருக்கும். அது முன்தலை. அதற்கு அடுத்து வாயைச் சூழ்ந்த வளையம். வால் முனையில் குதம் உள்ள ஒரு சிறு துண்டு. முன்தலையும் வால் துண்டும் கண்டங்கள் அல்ல; இது தேர்வுக்கான நுணுக்கம் அல்ல, வளர்ச்சியைப் பார்க்கும்போது மிகவும் தேவைப்படும்.

பாறையில் கிடைத்த, நீரிஸின் உறவினமான பெரினீரிஸ் ஒன்று உங்கள் தட்டில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். முன்தலையில் நான்கு கண்கள் சதுரமாக அமைந்திருக்கும். முன்னால் இரண்டு சிறிய உணர்கொம்புகள். அவற்றுக்கு இருபுறமும் தடித்த, இரண்டு கணுக்கள் கொண்ட ஒரு சோடி. இவற்றை நான் துழாவிகள் என்பேன், துழாவித் துழாவி வழி தேடுவதால். வாய்வளையத்தின் பக்கங்களில் நான்கு சோடி நீண்ட உணரிழைகள். முன்தலையின் பின்விளிம்பில் இரண்டு சிறு குழிகள் மென்மயிரோடு, அதாவது அசையும் நுண்ணிழைகளோடு, இருக்கும். நீரில் கரைந்த வேதிப்பொருள்களை மோப்பம் பிடிப்பவை அவை. இந்தக் குழிகள் சுணைப்புழுக்களுக்குப் பொதுவானவை, மண்புழுவுக்கும் அட்டைக்கும் இல்லை. இந்த ‘இல்லை’யை நினைவில் வைத்திருங்கள்.

துழாவிகளில் இன்னொரு வகை உண்டு. ஸ்பியோனிட் குடும்பத்தில் அவை நீண்ட, நடுவில் வாய்க்கால் ஓடும் கயிறுகளாக இருக்கும். அந்த வாய்க்கால் வழியே உணவுத் துகள்கள் வாய்க்கு நகரும். மயில்தோகைப் புழுக்கள் என்று அழைக்கத் தக்க சபெல்லிட் குடும்பத்தில் தலையின் இணைப்புறுப்புகள் விசிறியாக விரிந்து, மூச்சுக்கும் உணவுக்கும் ஒன்றாகவே பயன்படும். உருவத்தில் இவ்வளவு வேறுபட்டாலும், இரண்டும் துழாவி என்ற ஒரே உறுப்பின் வடிவங்கள்.

நான்காம் படி: தொண்டை

தளர்ந்த நீரிஸ் இனத்தின் தலைக்குப் பின்னால் விரலால் மெல்ல அழுத்துங்கள். தொண்டை கையுறையின் விரலைப் போல உட்புறம் வெளியாகப் புரண்டு நீளும். முனையில் ஒரு சோடி கறுத்த கொக்கித் தாடைகள். தொண்டையின் மேற்பரப்பில் பழுப்புநிறப் பற்புள்ளிகள் கூட்டங்கூட்டமாக இருக்கும். தொண்டையை எட்டுப் பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் புள்ளிகள் எத்தனை, கூம்பா, கோடா என்று குறித்தால் பேரினமே கைக்கு வந்துவிடும். பெரினீரிஸ் என்றால் ஆறாம் பகுதியில் குறுக்குக் கோடு போன்ற பற்கள் இருக்கும். உப்பங்கழிகளில் வாழும் நமலிகாஸ்டிஸ் என்ற உறவினத்தில் இந்தப் பற்புள்ளிகளே இல்லை.

நீரிஸ் தாடைகள் துத்தநாகத்தால் கடினப்பட்டவை. கிளைசீராவின் தாடைகளில் செம்பு இருக்கிறது, அதிலும் ஒரு பகுதி செம்புக் கனிமமாகவே படிந்திருக்கிறது. உயிருள்ள திசுவில் செம்புக் கனிமம் என்பது விலங்குலகில் மிக அரிது. தாடைகள் எளிதில் அழிவதில்லை. அதனால் ஐம்பது கோடி ஆண்டுக் கால மென்னுடல் வரலாற்றில் பெரும்பகுதிக்கு நமக்குக் கிடைத்திருப்பவை உதிர்ந்த தாடைத் துண்டுகளே.

ஐந்தாம் படி: பக்கக்காலும் சுணையும்

இங்கே அவசரப்படாதீர்கள். பெயரும் குடும்பமும் வரலாறும் பெரும்பாலும் இங்கேதான் எழுதியிருக்கின்றன.

ஒவ்வொரு கண்டத்தின் இருபுறமும் தசைப்பிடிப்பான மடல் ஒன்று வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அது பக்கக்கால். சிறு கத்தரியால் பத்தாவது கண்டத்திலிருந்து ஒன்று, நடுவுடலிலிருந்து ஒன்று, பின்னுடலிலிருந்து ஒன்று என மூன்றை வெட்டி, கண்ணாடித் தகட்டில் ஒரு துளி கிளிசரினில் வைத்து மூடுங்கள். ஒன்று போதாது. பல குடும்பங்களில் முன்னுடலின் சுணையும் பின்னுடலின் சுணையும் வேறு வேறாக இருக்கும்.

நுண்ணோக்கியில் இரண்டு கிளைகள் தெரியும்: மேல்மடல், கீழ்மடல். மேல்மடலின் மேற்புறத்திலும் கீழ்மடலின் கீழ்ப்புறத்திலும் ஒரு சிறு உணரிழை. ஒவ்வொரு மடலின் நடுவிலும் கறுத்த தடித்த முள் ஒன்று உள்ளே புதைந்திருக்கும். கூடாரத்துக்கு நடுக்கழி போல அது மடலைத் தாங்குகிறது. ஊன்றுமுள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஊன்றுமுள் உள்ளவை பெரும்பாலும் நடமாடும் புழுக்கள். தசைகள் இழுக்க ஒரு பிடிமானம் இருந்தால்தான் கால் நடக்கும்.

இனி சுணைகள். நூல் போல மெலிந்தவை ஒருவகை. காம்பு ஒன்று, அதன் நுனியில் மூட்டுப் போட்டு ஒரு அலகு என இரண்டு துண்டாக இருப்பவை இன்னொரு வகை. நீரிஸில் இவைதான் நிறைய. அலகு ஈட்டியாக நீண்டிருக்கிறதா, அரிவாளாக வளைந்திருக்கிறதா என்று பாருங்கள். கபிடெல்லா போன்றவற்றில் நுனியில் முக்காடு போட்ட கொக்கி இருக்கும். குழாய்க்குள் வாழும் சபெல்லிட், டெரிபெல்லிட் குடும்பங்களில் வரிசை வரிசையாக நூற்றுக்கணக்கான குட்டிக் கொக்கிகள். நீங்கள் குழாயிலிருந்து புழுவை இழுத்தால், அந்தக் கொக்கிகள் குழாயின் சுவரைப் பற்றிக்கொள்ளும். புழு அறுந்தாலும் அறும், வெளியே வராது.

தீப்புழுக்கள் எனப்படும் ஆம்ஃபினோமிட் குடும்பத்தின் சுணைகள் சுண்ணாம்பு ஏறியவை, தொட்டால் முறியும். அவை தோலில் ஏறினால் எரிச்சல் மணிக்கணக்கில் நீடிக்கும். பாறை இடுக்கில் பருமனான, பக்கங்களில் வெண்பஞ்சு போல் சுணை விரித்த புழுவைக் கண்டால் கையால் எடுக்காதீர்கள்.

ஒரு சுணையை உருவாக்குவது ஒரே ஒரு செல். அந்தச் செல்லின் மேற்பரப்பில் விரல் போன்ற நுண்நீட்சிகள் கற்றையாக நிற்கும். அவற்றைச் சுற்றிக் கைட்டின் படியப் படியச் சுணை வெளியே வளர்கிறது. நுண்நீட்சி எப்போது நீள்கிறது, எப்போது சுருங்குகிறது என்பதைப் பொறுத்து நுனி ஈட்டியாகிறது, கொக்கியாகிறது, முக்காடாகிறது. குறுக்கே வெட்டிப் பார்த்தால் தேனடை போலத் துளைகள் தெரியும்; நுண்நீட்சிகள் இருந்த இடங்கள் அவை. இதே அமைப்பில் சுணை உள்ள வேறொரு கூட்டம் பிராக்கியோபாடுகள் என்ற இரட்டை ஓட்டு உயிரினங்கள். பார்வைக்குச் சிப்பி போலிருக்கும் அவை, மரபணு மரத்திலும் நம் புழுக்களுக்கு அருகில்தான் இருக்கின்றன.

ஆறாம் படி: உள்ளே

உடற்குழி கண்டத்துக்குக் கண்டம் மெல்லிய சவ்வால் தடுக்கப்பட்டிருக்கும். திரவம் நிறைந்த இந்த அறைகள்தான் எலும்பில்லாத உடலுக்கு விறைப்பைத் தருகின்றன. உயிருள்ள நீரிஸை வெளிச்சத்தில் பிடித்தால் முதுகு நடுவே ஒரு சிவப்புக் குழல் வாலிலிருந்து தலைநோக்கித் துடித்துக்கொண்டே போவதைக் காணலாம். வயிற்றுப்புறக் குழலில் இரத்தம் எதிர்த்திசையில் ஓடும். வயிற்றுப்புறத்திலேயே நரம்பு வடம், கண்டத்துக்கு ஒரு முடிச்சு வீதம். கழிவை வெளியேற்றும் குழல்கள் பொதுவாகக் கண்டத்துக்கு ஒரு சோடி.

இரத்தத்தின் நிறம் ஒரு குடும்ப அடையாளம். நீரிஸில் சிவப்பு நிறமி பிளாஸ்மாவில் கரைந்திருக்கிறது. கிளைசீராவில் இரத்தக் குழாய்களே இல்லை. சிவப்பணுக்கள் உடற்குழித் திரவத்தில் மிதக்கின்றன, புழுவே இளஞ்சிவப்பாகத் தெரிவது அதனால்தான். சபெல்லிட், செர்புலிட் குடும்பங்களில் பச்சை நிறமி. மேகலோனா என்ற சுணைப்புழுவில் ஊதாச் சிவப்பான, இரும்பை வேறு வகையில் கட்டிவைக்கும் மூன்றாவது நிறமி. ஒரே கிளைக்குள் இத்தனை வகை.

ஏழாம் படி: வளர்ச்சியும் இனப்பெருக்கமும்

வால் துண்டுக்குச் சற்று முன்னால் ஒரு வளர்ச்சி வளையம் இருக்கிறது. புதுக் கண்டங்கள் அங்கேதான் பிறக்கின்றன. ஆகவே கடைசிக் கண்டம்தான் கடைக்குட்டி. தலைக்குப் பின்னால் இருப்பது மூத்தது. வால் அறுந்தால் பலவற்றுக்கு மீண்டும் வளரும். தலை வளர்வது சில குடும்பங்களில்தான்.

முட்டையிலிருந்து பம்பரம் போன்ற, இடுப்பில் மென்மயிர் வளையம் சுழலும் டிரோக்கோஃபோர் இளவுயிரி வரும். நத்தை, சிப்பிக் குலத்தின் இளவுயிரியும் ஏறக்குறைய இப்படித்தான். உடலில் கண்டங்கள் இருப்பதால் புழுவையும் பூச்சியையும் ஒன்றாகச் சேர்த்திருந்தார் பிரெஞ்சு விலங்கியலாளர் குவியே. 1997இல் வெளிவந்த மரபணு ஆய்வு, பூச்சிகளைத் தோலுரிக்கும் விலங்குகளோடு சேர்த்தது. வளைதசைப் புழுக்கள் சிப்பிகளின் பக்கம் வந்தன. இளவுயிரி முன்பே சொல்லிக்கொண்டிருந்ததை நாம் பிந்திக் கேட்டோம்.

நீரிஸ் குடும்பத்தில் பருவம் வந்த புழு உருமாறும். கண்கள் பெரிதாகும், பின்னுடல் பக்கக்கால்கள் துடுப்பாக அகலும், பழைய சுணைகள் உதிர்ந்து நீந்துவதற்கான அகன்ற சுணைகள் முளைக்கும். நிலாக் கணக்கில் ஒரே இரவில் கூட்டமாக மேலே எழுந்து, முட்டையையும் விந்தையும் விட்டுவிட்டு இறந்துபோகும். இந்த உருவத்தைப் பார்த்து வேறு பேரினம் என்று முன்னோர் பெயரிட்டதும் நடந்திருக்கிறது. மார்ஃபைசா என்ற இன்னொரு சுணைப்புழுவின் வழி வேறு. சென்னைப் பல்கலைக்கழக விலங்கியல் ஆய்வகத்தின் ஆர். கோபால ஐயர் 1931இல் உவர்நீர் மார்ஃபைசாவின் இனப்பெருக்கத்தை விரிவாக எழுதினார். அது முட்டைகளைக் கூழ்ப் பையில் வைத்து, வளை வாயிலில் காம்போடு நட்டுவைக்கும். உப்பங்கழி ஓரத்தில் பேரிக்காய் வடிவக் கூழ் உருண்டையைக் கண்டால் நின்று பாருங்கள்.

எட்டாம் படி: குடும்பத்தைக் காண்பது

இப்போது குறிப்பேட்டில் தலை, தொண்டை, கால், சுணை எல்லாம் இருக்கும். சென்னையில் அடிக்கடி எதிர்ப்படும் குடும்பங்களை நான் இப்படித்தான் பிரிப்பேன். முதுகில் செதில்கள் இருந்தால் செதிற்புழு. கூம்பிய, வளையமிட்ட முன்தலையும் நான்கு தாடையும் இருந்தால் கிளைசீரா. நான்கு கண், இரண்டு கணுத் துழாவி, ஒரு சோடித் தாடை என்றால் நீரிஸ் குடும்பம். தாடைகள் பல தகடுகளாக அடுக்கியிருந்து, தலையில் ஐந்து உணர்கொம்புகள் இருந்தால் யூனிசிட் பக்கம். அதிலும் சிப்பித் துண்டுகளை ஒட்டிய குழாயிலிருந்து வந்து, சுருள்சுருளாகச் செவுள் வைத்திருந்தால் டயோபாட்ரா. புயலுக்குப் பிறகு கரையில் ஒதுங்கும், சிப்பித் தூள் பதித்த காகிதக் குழாய்கள் அதனுடையவை. சுண்ணாம்புக் குழாய் என்றால் செர்புலிட். கழிவு மண்டிய கருஞ்சேற்றில் மண்புழு போன்ற செந்நிறப் புழு என்றால் கபிடெல்லா.

சிற்றினப் பெயருக்கு அவசரப்பட வேண்டாம். பியர் ஃபோவெல் 1953இல் இந்தியப் பகுதிச் சுணைப்புழுக்களைப் பற்றி எழுதிய பெருநூல் இன்றும் நம் ஆய்வக மேசைகளில் இருக்கிறது. ஆனால் அந்தக் காலத்தில் ஐரோப்பியக் கடலில் வைத்த பெயர்களையே இங்கும் இடுவது வழக்கம். ‘உலகெங்கும் உள்ள’ கபிடெல்லா கபிடேட்டாவை 1976இல் கிராசில் இணையர் நொதிகளைக் கொண்டு ஆராய்ந்தபோது, ஒரே பெயருக்குள் ஆறு சிற்றினங்கள் ஒளிந்திருந்தன. இறால் குஞ்சுப் பொரிப்பகங்கள் தாய் இறால்களுக்குத் தீனியாக மார்ஃபைசாப் புழுக்களைக் கிலோக் கணக்கில் வாங்குகின்றன. அப்படியிருந்தும் நம் ஊர்ப் பெயரைத் தாங்கிய மார்ஃபைசா மட்ராசி, அறிவியலுக்குப் புதிய சிற்றினமாக 2020இல்தான் தமிழ்நாட்டிலிருந்து விவரிக்கப்பட்டது. விற்கும் பொருளின் பெயரே தெரியாமல் தோண்டி எடுத்துக்கொண்டிருந்தோம் என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிறது.

ஒன்பதாம் படி: குலமரம்

1850இல் விலங்கியலாளர் குரூபே பாலிக்கீட்டா என்ற பெயரை வைத்தார். அதே நூற்றாண்டில் அவற்றை இரண்டாகப் பிரித்தார்கள்: திரிந்து வேட்டையாடும் அலைவன, குழாயிலும் வளையிலும் தங்கும் அமர்வன. இது வாழ்முறையை வைத்துச் செய்த வசதிக்கான பிரிவு, உறவைக் காட்டாது என்று இருபதாம் நூற்றாண்டில் ஒதுக்கினார்கள். 1997இல் ரௌஸும் ஃபோச்சால்டும் உடற்கூறுகளை அட்டவணையிட்டு, துழாவி, ஊன்றுமுள் இவற்றின் அடிப்படையில் புதிய மரம் வரைந்தார்கள். அதில் துழாவி இல்லாதவை தனிக் கிளையாக நின்றன. மண்புழுவும் அட்டையும் பாலிக்கீட்டாவுக்கு வெளியே நின்றன.

அதே 1997இல் மக்ஹியூ ஒரு மரபணுவின் வரிசையைக் கொண்டு வேறொரு முடிவைச் சொன்னார். மண்புழுக் கூட்டம், கண்டமே இல்லாத எக்கியூராப் புழுக்கள், வாயும் குடலும் இல்லாத ஆழ்கடல்த் தாடிப்புழுக்கள் மூன்றும் பாலிக்கீட்டாவுக்குள்ளேயே அடங்குகின்றன என்றார். தொடக்கத்தில் சொன்ன இடறல் இங்கே வெளிச்சத்துக்கு வருகிறது. எக்கியூராவுக்குக் கண்டம் இல்லாததால் அதைத் தனித் தொகுதியாகவே வைத்திருந்தோம். அதன் இளவுயிரியின் நரம்பு வடத்தைப் பார்த்தால் நரம்புச் செல்கள் கண்டம் கண்டமாக வரிசைப்பட்டிருக்கின்றன. வளர்ந்த புழுவில் கண்டம் மறைந்துவிடுகிறது. வேர்க்கடலைப் புழுக்கள் எனப்படும் சிபன்குலாவிலும் இளமையில் அப்படி ஒரு தடம் தோன்றி மறைகிறது.

2011இல் ஸ்ட்ரக்கும் அவருடன் பணிபுரிந்தோரும் நூற்றுக்கணக்கான மரபணுக்களை ஒப்பிட்டபோது ஒரு வியப்பு. தூக்கியெறிந்த பழைய அலைவன, அமர்வன பிரிவுகளே, சிற்சில மாற்றங்களோடு, உண்மையான கிளைகளாகத் திரும்பி வந்தன. 2014இல் வைகெர்ட் குழுவின் ஆய்வு அடிமரத்தைத் தெளிவாக்கியது. இன்று மரத்தை இப்படி வரைந்துகொள்ளலாம்.

அடியில் முதலில் பிரியும் கிளையில் ஓவேனியா என்ற சுணைப்புழுவும் மேகலோனாவும். அடுத்துப் பிரிபவை, தோல் போன்ற குழாயில் வாழும் கீட்டோப்டெரஸ் கூட்டமும், தீப்புழுக்கள், சிபன்குலா இரண்டும் சேர்ந்த கூட்டமும். மீதமுள்ள பெரும்பகுதி இரண்டு கொப்புகளாகப் பிரிகிறது. அலைவனவில் நீரிஸ், கிளைசீரா, செதிற்புழு, யூனிசிட், டயோபாட்ரா. அமர்வனவில் ஸ்பியோனிட், சபெல்லிட், செர்புலிட், டெரிபெல்லிட், கபிடெல்லா, அதன் பக்கத்தில் எக்கியூரா, இவற்றோடு மண்புழுவும் அட்டையும். தோட்டத்து மண்புழு, பக்கக்காலையும் துழாவியையும் மோப்பக் குழியையும் இழந்து, சுணையை மட்டும் மிச்சம் வைத்துக்கொண்ட ஓர் அமர்வனப் புழு. அட்டை அநேகமாக அதையும் விட்டுவிட்டது.

ஆதிப் புழு எப்படி இருந்திருக்கும்? மரத்தின் அடியில் உள்ளவற்றை வைத்துப் பார்த்தால், கடலில், ஒரு சோடித் துழாவியோடு, மேல்மடலும் கீழ்மடலும் சுணையும் கொண்ட காலோடு இருந்திருக்கும். கிரீன்லாந்தின் சிரியஸ் பாசெட்டில் கிடைத்த ஃபிராக்மோகீட்டா, கனடாவின் பர்ஜஸ் களிப்பாறையில் வால்காட் கண்டெடுத்து 1911இல் விவரித்த கனடியா இரண்டும் ஐம்பது கோடி ஆண்டுகளுக்கு முந்தியவை. இரண்டிலும் ஈரடுக்காகச் சுணைக் கற்றைகள் தெளிவாகத் தெரிகின்றன.

பத்தாம் படி: மீண்டும் மணலுக்கு

அலை திரும்பும் இடத்தில் முழங்கை ஆழத்துக்குத் தோண்டி ஒரு வாளி பருமணல் எடுங்கள். மக்னீசியம் குளோரைடு கரைசலை ஊற்றி, பத்து நிமிடம் விட்டு, சுழற்றி, மேல்நீரை மிக நெருக்கமான வலைத்துணியில் வடியுங்கள். துணியில் தங்கியதைக் கடல்நீரில் விட்டு நுண்ணோக்கியில் பாருங்கள்.

நூல் போல, கால் இல்லாமல், தலையில் இரண்டு விறைத்த நீட்சிகளோடு நெளிவது பாலிகோர்டியஸ். 1878இல் ஹாட்செக் இதைப் பார்த்து, எதுவுமே இல்லாத இந்த எளிய உடல்தான் எல்லா வளைதசைப் புழுக்களுக்கும் மூதாதை வடிவம் என்று எண்ணினார். ஆர்க்கியனலிடா, அதாவது ஆதி வளைதசைப் புழுக்கள், என்ற பிரிவையே உருவாக்கினார். கோபால ஐயரும் கே. எச். அலிக்குஞ்ஞியும் 1944இல் சென்னைக் கடற்கரையின் இந்த ‘ஆதிப் புழு’க்களை விவரித்தபோது, பாலிகோர்டியஸ் மட்ராசென்சிஸ், சாக்கோசிர்ரஸ் மைனர் ஆகிய பெயர்கள் பிறந்தன. இதே அலிக்குஞ்ஞிதான் 1957இல் ஹிராலால் சௌத்ரியோடு சேர்ந்து கெண்டை மீன்களை ஹார்மோன் ஊசியால் முட்டையிடச் செய்த ஆய்வை வெளியிட்டவர். மீன்வளத்துறை நினைவில் வைத்திருக்கும் அந்தப் பெயர் மணற்புழுவிலும் இருக்கிறது என்பது பலருக்குத் தெரியாது.

2015இல் ஸ்ட்ரக்கும் உடனாளர்களும் ஆர்க்கியனலிடாவைப் பிரித்துப் போட்டார்கள். பாலிகோர்டியஸும் சாக்கோசிர்ரஸும் அலைவனக் கொப்பில் போய் அமர்ந்தன. மணற்துகள்களின் இடைவெளியில் வாழத் தலைமுறை தலைமுறையாக உடலைச் சிறுக்கி, காலையும் சுணையையும் குறைத்துக்கொண்டவை அவை. அதே பிரிவில் வைத்திருந்த வேறு சில, அமர்வனக் கொப்பில் இளவுயிரி நிலையிலேயே வளர்ச்சியை நிறுத்திப் பருவமடைந்தவை. எளிமை இரண்டு வழிகளில் வந்திருக்கிறது. இரண்டும் பிற்காலத்தவை.

அதே வாளியில் அதிர்ஷ்டம் இருந்தால் பிசியோனிடென்ஸ் இண்டிகா கிடைக்கும். இதையும் கோபால ஐயரும் அலிக்குஞ்ஞியும்தான் 1940இல் சென்னை மணற்கரையிலிருந்து விவரித்தார்கள். மெல்லிய, செதிலில்லாத, சிறிய புழு. நீண்ட காலம் தனிக் குடும்பமாக இருந்தது. இப்போது மரபணுக்கள் அதைச் செதிற்புழுக்களின் நடுவே வைக்கின்றன: செதிலை முழுதாக உதறிய செதிற்புழு.

கண்டெடுத்தால் ஒன்றை 95 விழுக்காடு ஆல்கஹாலில் வையுங்கள். பென்சிலால் எழுதிய சீட்டைக் குப்பிக்கு உள்ளே போடுங்கள்: தேதி, இடம், வற்ற நேரம், அலையிலிருந்து எத்தனை அடி, மணல் பருமனா பொடியா, எடுத்தவர் பெயர். சிற்றினப் பெயர் எழுதும் கோட்டைக் காலியாக விடுங்கள்.